டிராஃப்ட் ரெடி, நீங்க பார்த்துக் கொடுத்தா போதும்

ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு வந்தாலும் இணையத்தில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு வேலை ஒரே நாளில் போய்விடுவதில்லை. எனக்குப் போன வரிசையைச் சொல்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்கள் தாங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் போனது மெட்டா டிஸ்கிரிப்ஷன். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி அது. போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்து சமூக ஊடகத்துக்கான கேப்ஷன். பிறகு பொருள் விவரக் குறிப்புகள். அப்புறம் 'என்றால் என்ன', 'எப்படிச் செய்வது' வகைக் கட்டுரைகள். என் வருமானத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டுரைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நான் வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த ஒரு தளத்தின் ஒருங்கிணைப்பாளர் போனில் சொன்னார்: "மேடம், இனிமே நீங்க முதல்லேர்ந்து எழுத வேண்டாம். டிராஃப்ட் ரெடியா வரும், நீங்க பார்த்துக் கொடுத்தா போதும்." சொல்லுக்கு இவ்வளவு என்று இருந்த ரேட் பாதிக்கும் கீழே போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பார்க்கிற வேலைதானே மேடம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் கொடுத்த கணக்கை அப்படியே என்னிடம் ஒப்பித்தார். அந்தக் கணக்கு எங்கே தப்பு என்பது எனக்குப் புரியச் சில மாதம் பிடித்தது.

செய்தி அறைக்குள் இயந்திரம் வந்தது ஒன்றும் புதிதில்லை. அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2014-லேயே நிறுவனங்களின் காலாண்டு லாப நஷ்டச் செய்திகளை மென்பொருளிடம் ஒப்படைத்தது. அதுவரை காலாண்டுக்கு 300 செய்தி எழுதிக்கொண்டிருந்த இடத்தில் 3,000-க்கு மேல் வர ஆரம்பித்தன. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் 'குவேக்பாட்' ஒரு நிலநடுக்கச் செய்தியைச் சில நிமிடங்களில் வெளியிட்டுப் பெயர் வாங்கியது. அவையெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பும் எந்திரங்கள். வார்ப்புரு ஒன்று இருக்கும், எண் வந்து அதில் உட்காரும். தப்பு நடந்தால் உள்ளே வந்த தரவில்தான் நடக்கும். 2017-இல் அதே குவேக்பாட் 1925-இல் நடந்த நிலநடுக்கத்தை இப்போது நடந்ததாக அறிவித்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து வந்த அறிவிப்பிலேயே தேதி தவறாக இருந்ததுதான் காரணம். தரவைச் சரிபார்த்தால் செய்தியும் சரியாகிவிடும்.

2022 நவம்பர் 30 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட சாட்ஜிபிடி இந்த வகையில் சேராது. இதில் தப்பு எழுதுகிற செயலுக்குள்ளேயே பிறக்கிறது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்து வாக்கியம் கட்டுகிற அமைப்பு இது. வர வாய்ப்புள்ள சொல் பல நேரம் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. சில நேரம் இல்லை. இரண்டும் எழுதப்படுகிற முறை ஒன்றேதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த அலை கொஞ்சம் தாமதமாக வந்தது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்துத்தான் வேலை செய்யும். நம் எழுத்துகளைப் பொடிப்பொடியாக உடைத்ததால் தமிழ் மெதுவாகவும் செலவு கூடியதாகவும் இருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மொழி மாதிரி வந்தபோது ஓபன்ஏஐ ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தை வைத்து வித்தியாசத்தைக் காட்டியது: தமிழில் முன்பு 116 டோக்கன் பிடித்தது 35 ஆகக் குறைந்திருந்தது. 'தமிழுக்கு வராது' என்று அதுவரை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சரி, எனக்கு வந்த டிராஃப்ட்களுக்கு வருகிறேன்.

ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஃபோனில் பேட்டரி சேமிப்பை அமைப்பது பற்றியது. செட்டிங்ஸ் போங்கள், பேட்டரியைத் தொடுங்கள், அதில் கூடுதல் அமைப்புகளைத் திறங்கள், சார்ஜிங் நேர அட்டவணையை ஆன் செய்யுங்கள் என்று படிப்படியாக இருந்தது. படிக்க அவ்வளவு ஒழுங்கு. அந்த மாடலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போனேன். இரண்டாவது படிக்குமேல் அப்படி ஒரு மெனுவே கிடையாது. வேறு நிறுவனங்களின் ஃபோன்களில் அதுபோல ஒன்று இருக்கிறது, அதனால் இதிலும் இருக்க வேண்டும் என்று வாக்கியம் தானாகவே நடந்து போயிருக்கிறது. ஃபோனைத் தொடாமல் கட்டுரையை மட்டும் படித்திருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது. ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மனிதர் எழுதிய டிராஃப்டில், எழுதியவருக்குத் தெரியாத இடம் வெளியே தெரிந்துவிடும். அந்த இடம் வந்ததும் வாக்கியம் வளவளவென்று நீளும். 'பொதுவாக', 'பெரும்பாலும்' என்று சொற்கள் வந்து சேரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கணிசமான அளவு' என்று இருக்கும். எழுத்துப்பிழைகூட அங்கேதான் அதிகம் வரும், ஏனென்றால் எழுதியவர் அந்த இடத்தை அவசரமாகக் கடந்திருப்பார். எடிட்டர்கள் பல வருடமாக இந்த மோப்பத்தை வைத்தே தொழில் செய்கிறார்கள். முழுக் கட்டுரையையும் சோதிக்க யாருக்கும் நேரம் கிடையாது. சந்தேகம் தட்டுகிற இடத்தை மட்டும் சோதிப்போம். ஏஐ எழுதிய டிராஃப்டில் இந்த மோப்பம் வேலை செய்யாது. தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே குரலில், ஒரே நடையில், ஒரே நம்பிக்கையோடு எழுதுகிறது. ஆகவே சந்தேகம் தட்டாத இடத்தையும் சோதித்தாக வேண்டும். 'பார்க்கிற வேலை' என்று அவர்கள் விலை போட்டது பழைய வேலைக்கு.

சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளத்துக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2022 நவம்பரிலிருந்து அவர்கள் ஏஐ எழுதிய நிதி விளக்கக் கட்டுரைகளை அதிகம் சத்தமில்லாமல் வெளியிட்டுவந்தார்கள், மொத்தம் 77. விஷயம் 2023 ஜனவரியில் வெளியே வந்து, மறுபடி சோதித்தபோது 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒன்றில், 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் 'சம்பாதிப்பீர்கள்' என்று இருந்தது. சம்பாதிப்பது 300 டாலர்தான். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டுரைகளை மனிதர்கள் சரிபார்த்த பிறகே வெளியிட்டதாக அந்தத் தளம் சொல்லியிருந்தது. அங்கே இருந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சரளமான வாக்கியம் கண்ணை வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதே கணக்குத் தப்பைப் புதிதாக வந்த ஒரு பையன் எழுதியிருந்தால் சுற்றிலும் வேறு நாலு தடுமாற்றம் இருந்திருக்கும், எடிட்டர் பேனாவை எடுத்திருப்பார்.

இன்னொரு வகைத் தப்பும் உண்டு. அதில் தகவல் எதுவும் பொய்யாக இருக்காது. 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கனடாவின் ஒட்டாவா நகரத்துக்கான சுற்றுலாக் கட்டுரை ஒன்று வந்தது. பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக ஒட்டாவா ஃபுட் பேங்க். அதாவது சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு உணவு தரும் தொண்டு அமைப்பு. வெறும் வயிற்றோடு போகலாம் என்று யோசனை வேறு. அமைப்பு உண்மை, இலக்கணம் சுத்தம். கட்டுரையை எடுத்துவிட்டு, மனிதப் பரிசோதனையும் சேர்ந்த முறையில்தான் அது தயாரானது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. தகவலை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போகிற ஆள் இதைப் பிடிக்க மாட்டார். ஃபுட் பேங்க் வாசலில் நிற்பவர் யார் என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்கிறவர்தான் பிடிப்பார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் எடிட் செய்கிற முறையையே மாற்றிக்கொண்டேன். டிராஃப்ட் வந்ததும் படிப்பதில்லை. ஆமாம், படிக்காமல்தான் தொடங்குகிறேன், படித்தால் அதன் ஓட்டத்துக்குள் போய்விடுவேன். பெயர், எண், தேதி, மேற்கோள், லிங்க், 'ஆய்வு ஒன்று சொல்கிறது' என்று வருகிற இடம், இவற்றை மட்டும் பிடுங்கித் தனித் தாளில் வரிசையாக எழுதிக்கொள்கிறேன். கட்டுரையை மூடிவைத்துவிட்டு அந்தத் தாளை மட்டும் வைத்துத் தேடுகிறேன். சூழலிலிருந்து பிரித்து எடுத்துவிட்டால் தகவல் அநாதையாக நிற்கும், பொய் சட்டென்று தெரியும். முதல் சில தகவல்களிலேயே இரண்டு மூன்று தவறினால் மேற்கொண்டு நோண்டுவதில்லை, டிராஃப்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும்.

மேற்கோள் விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. யார் சொன்னதாக இருந்தாலும், எங்கே எப்போது சொன்னார் என்று மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. ஏஐ தருகிற மேற்கோள்கள் பெரும்பாலும் அந்த ஆள் சொல்லக்கூடியது மாதிரியே இருக்கும், அதனால்தான் ஆபத்து. லிங்க் இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்தில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று தேட வேண்டும். பக்கம் உண்மையாக இருக்கும், தகவல் அதில் இருக்காது. புத்தகப் பட்டியல் என்றால் இன்னும் கவனம். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் இதழோடு வந்த இணைப்பில் கோடைகால வாசிப்புப் பட்டியல் ஒன்று இருந்தது. 15 புத்தகங்களில் 10 எங்குமே இல்லாதவை. எழுத்தாளர்கள் எல்லாரும் நிஜமானவர்கள். வெளியிலிருந்து வாங்கிய அந்த இணைப்பை எழுதியவர் ஏஐயைப் பயன்படுத்தியதாகவும் சரிபார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பத்து நூலையும் ஒரு நூலகத் தளத்தில் தேடிப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகியிருக்காது.

பலர் செய்கிற இன்னொன்று, ஒரு சாட்பாட் எழுதியதை வேறொரு சாட்பாட்டிடம் கொடுத்து 'சரியா' என்று கேட்பது. அது சோதனை ஆகாது. இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே இணையத்தைப் படித்து வளர்ந்தவை. எங்கே சந்தேகப்படலாம் என்று குறிப்புக் கேட்கலாம், அதோடு சரி. உறுதி செய்ய மூல ஆவணம், சம்பந்தப்பட்ட ஆள், கையில் இருக்கிற பொருள், இந்த மூன்றில் ஒன்றிடம்தான் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் நேரம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சில வாரம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்னென்ன தப்பு கிடைத்தது என்று குறித்துவைத்தேன். தகவல் அதிகமுள்ள கட்டுரைகளில் நானே எழுதியிருந்தால் ஆகும் நேரத்துக்குக் குறையாமல் ஆகியிருந்தது. கருத்து, அறிமுகம் வகைக் கட்டுரைகளில் உண்மையாகவே நேரம் மிச்சம். இதை அப்படியே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன், மிச்சமானதையும் மறைக்கவில்லை. புலம்பலுக்குக் கிடைக்காத பதில் அந்தத் தாளுக்குக் கிடைத்தது. தகவல் அதிகமுள்ளவற்றுக்கு மணிக்கணக்கு ரேட் என்று ஒத்துக்கொண்டார்கள். எடிட்டிங் வேலைக்குச் சொல்கணக்கில் ரேட் பேசாதீர்கள் என்பதைத்தான் இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் முதலில் சொல்கிறேன். 800 சொல் கட்டுரையில் இரண்டு தகவலும் இருக்கலாம், நாற்பது தகவலும் இருக்கலாம்.

பைலைன், அதாவது எழுதியவர் என்று போடுகிற பெயர், இன்னொரு தகராறு. அந்த ஏஐ கட்டுரைகளுக்கு என் பெயரைப் போட்டுவிட்டால் நம்பகத்தன்மை வரும் என்று யோசனை சொன்னார்கள். மறுத்தேன். எதையும் மாற்றவும் தூக்கவும் எனக்கு உரிமை இல்லாத கட்டுரைக்கு என் பெயர் எதற்கு? பெயரை இரவல் வாங்க ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதற்கு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை உதாரணம். 2023 நவம்பரில், அந்தத் தளத்தில் வந்த சில பொருள் விமர்சனங்களின் ஆசிரியர்கள் உலகத்தில் இல்லாதவர்கள் என்றும் அவர்களின் முகப் படங்கள் ஏஐ முகங்களை விற்கிற தளத்திலிருந்து வந்தவை என்றும் ஃப்யூச்சரிசம் தளம் வெளிப்படுத்தியது. கட்டுரைகள் வெளி நிறுவனம் ஒன்று தந்தவை என்று நிர்வாகம் சொன்னது. கடைசியில் எனக்கும் நான் எழுதிக்கொண்டிருந்த தளத்துக்கும் ஏற்பட்ட சமரசம்: ஏஐ உதவியோடு எழுதியது என்று வெளிப்படையாகப் போட்டு, சரிபார்த்தவர் என்று மட்டும் என் பெயர்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. முழுக்க நானே எழுதிய ஒரு கட்டுரையை வேறொரு இடத்தில் ஏஐ எழுத்தைக் கண்டறியும் கருவியில் போட்டுப் பார்த்து, "இது ஏஐ எழுதினதுன்னு காட்டுதே மேடம்" என்றார்கள். இந்தக் கருவிகளின் யோக்கியதையைச் சொல்ல ஓபன்ஏஐயின் அனுபவமே போதும். 2023 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் சரியாக அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இத்தகைய கருவிகள் ஏஐ என்று முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். எளிமையாக எழுதுகிறவர்களுக்குத்தான் தண்டனை.

இதில் நான் கண்டுபிடித்த ஒரே வழி, விவாதம் செய்யாமல் ஆதாரத்தை நீட்டுவது. கூகுள் டாக்ஸில் எழுதினால் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகும். பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டலாம். பேட்டிப் பதிவு, கைக்குறிப்பு, அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் கட்டுரைவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன். கருவிக்குப் பயந்து நல்ல வாக்கியத்தைக் கெடுத்து எழுதுகிறவர்களையும் எனக்குத் தெரியும். அதைமட்டும் செய்யாதீர்கள். கருவி அடுத்த மாதம் மாறும், கெட்ட பழக்கம் போகாது.

எனக்கு நிஜமாகவே வலிக்கிற விஷயம் வேறு. கூட வேலை பார்த்த ஒரு தம்பி ஒருநாள் கேட்டான்: "அக்கா, எல்லாரும் அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்க. அனுபவம் தர்ற வேலையத்தானே அது எடுத்துக்கிச்சு. நான் எங்க போய்க் கத்துக்கிறது?" அவன் கேட்டது நியாயம். நான் எழுதக் கற்றது நல்ல கட்டுரைகளை எழுதி இல்லை. சலிப்பூட்டுகிற விளக்கக் குறிப்புகளை எழுதி, எடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த நாள் மறுபடி எழுதித்தான் கற்றேன். அந்தக் கீழ்ப்படி இப்போது இல்லை. மேல்படியில் நிற்கிறவர்கள் 'தரமான எழுத்துக்கு என்றும் மதிப்புண்டு' என்று மேடையில் பேசுகிறார்கள். அங்கே ஏறிவர வழி எது என்று அவர்கள் சொல்வதில்லை.

அவனுக்கு என்னால் முடிந்த யோசனை சொன்னேன். எழுதுவதை விட்டு, விசாரிப்பதிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஒரு விஷயத்தில் நேரடி அனுபவம் உள்ள இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசு, ஒரு பொருளை வாங்கிப் பிரித்துப் பார், பொதுவில் கிடைக்கிற ஓர் அறிக்கையை முழுதாகப் படித்து அதில் யாரும் எழுதாத ஒரு பக்கத்தைக் கண்டுபிடி. பிறகு அதை எழுது. தொடக்கத்தில் அவன் நடை சுமார்தான். ஆனால் அவன் கட்டுரையில் இருந்தது வேறு யாரிடமும் இல்லை என்பதால் எடிட்டர்கள் நடையைத் திருத்தி வாங்கிக்கொண்டார்கள். போன் செய்து அந்நியரிடம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் இனிமேல் கஷ்டம். அதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

போனதெல்லாம் அநியாயமாகப் போனது என்றும் சொல்ல மாட்டேன். கீவேர்டை, அதாவது மக்கள் தேடுகிற சொல்லை, இத்தனை முறை நுழை, தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் ஒன்று என்று எங்களை எழுதவைத்த கட்டுரைகளில் பாதி வாசகருக்காக எழுதப்பட்டவையே இல்லை. தேடுபொறிக்காக இயந்திரம் மாதிரி எழுதினோம்; இப்போது இயந்திரமே எழுதுகிறது.

அந்த இயந்திரக் கட்டுரைகளுக்கும் ஆயுள் கெட்டி இல்லை. ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் தண்டிக்க மாட்டோம் என்று கூகுள் 2023 பிப்ரவரியில் சொன்னதும் பல தளங்கள் குவித்துத் தள்ளின. 2024 மார்ச்சில், யார் எழுதியிருந்தாலும் தேடலில் மேலே வருவதற்காக மொத்தமொத்தமாகக் கட்டுரை கொட்டுவது ஸ்பேம் என்று விதி வந்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தேடல் பக்கத்திலேயே ஏஐ சுருக்கம் வர ஆரம்பித்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை போடு என்று அது சொன்னதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் தெரிந்தது, வாசகர் நம் பக்கத்துக்கே வருவதில்லை. 2025 மார்ச் மாதத் தேடல்களை வைத்து அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பார்த்ததில், ஏஐ சுருக்கம் வந்த பக்கங்களைப் பார்த்த தடவைகளில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான லிங்க்கைத் தொட்டார்கள், சுருக்கம் இல்லாத பக்கங்களில் 15 சதவீதம். அதனால், ஒரே தளத்தின் விளம்பர வருமானத்தை நம்பி எழுதாதீர்கள். மின்னஞ்சல் வழியாக நேரே வாசகருக்குப் போகிற செய்திமடல்களுக்கு எழுதுகிற வேலைதான் எனக்கு இதுவரை குறையவில்லை.

நான் ஏஐயைத் தொடுவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். பேட்டிப் பதிவை எழுத்தாக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன், பிறகு ஒருமுறை முழுதாகக் கேட்டுச் சரிபார்க்கிறேன். எழுதி முடித்த கட்டுரையைக் கொடுத்து, 'இதைப் படிக்கிறவருக்கு என்ன கேள்வி மிச்சம் இருக்கும்' என்று கேட்கிறேன். பத்துக் கேள்வியில் இரண்டு உருப்படியாக இருக்கும், அது போதும். முதல் டிராஃப்ட் மட்டும் அதனிடம் கேட்பதில்லை. அதன் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டால் எனக்கென்று இருந்த வரிசை மறந்துபோகிறது. வெளியாகாத பேட்டியையும், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களின் விவரத்தையும் எந்தப் பொதுக் கருவியிலும் ஏற்றுவதில்லை. பேசியவர் நம்மிடம்தான் பேசினார்.

ஒப்பந்தம் பற்றியும் கொஞ்சம். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-இல் மே 2 முதல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியவற்றில் இரண்டு நமக்கும் உதவும்: ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது; கையில் கொடுக்கிற வரைவு ஏஐ எழுதியது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்குச் சங்க பலம் கிடையாது. இருந்தாலும் கேள்வியாகக் கேட்கலாம். புது வேலை வந்தால் மின்னஞ்சலில் இதைக் கேட்டுவிடுகிறேன்: டிராஃப்ட் யார் எழுதியது, தப்பு வெளியானால் யார் பொறுப்பு, என் எழுத்தை ஏஐ மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்துவீர்களா. பதிலும் மின்னஞ்சலில்தான் வர வேண்டும். போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்பது பதிலில் சேராது. இதைக் கேட்டதும் காணாமல்போனவர்கள் உண்டு. அப்படிப் போனவர்களிடம் பணம் வாங்குவதும் சிரமமாகவே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அண்மையில் ஒரு தளம் வேறு மாதிரி வேலையோடு வந்தது. சரிபார்க்காமல் ஏற்றிய பழைய ஏஐ கட்டுரைகள் மலைபோல் கிடக்கின்றன, வாசகர்களிடமிருந்து புகார் வருகிறது, என்ன செய்யலாம் என்றார்கள். சிலவற்றைச் சோதித்து, ஒரு கட்டுரைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மணிக்கணக்கில் எழுதிக் கொடுத்தேன். கணக்கைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவற்றை நீக்கிவிட முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். உடல்நலம், பணம், சட்டம் சம்பந்தப்பட்டவற்றை முதலில் எடுங்கள், மற்றவை பிறகு என்று வரிசை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.